குன்றிமணியும் ரப்பர்ப்பாலும்
நிறுத்து எண்ணும் கலையின் வரலாறு

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நான்காகப் பகுத்தனர் தமிழ் இலக்கண நூலார். மாட்டை எண்ணுவர், பொன்னை எடுப்பர், அதாவது நிறுப்பர், நெல்லை முகப்பர், ஆடையை நீட்டி அளப்பர். இந்நான்கும் வேறு வேறானவை எனினும், வாழ்க்கையில் ஒன்றுக்கு ஒன்று துணையாய் நிற்பவை. எண்ண இயலாத ஒன்றை நிறுத்தோ முகந்தோ எண்ணிவிடலாம் என்பதை மனிதன் கண்டுகொண்ட நாள், அறிவு வரலாற்றில் ஒரு பெருநாள் எனலாம்.

இரசாயனம் பயிலும் மாணவன் தொடக்கத்திலேயே சந்திக்கும் கருத்தும் இதுவே. கண்ணுக்குப் புலனாகாத அணுவை எவ்வாறு எண்ணுவது? ஆசிரியர் ஒரு பை நிறையப் பயற்றைக் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொன்றாக எண்ணாமல் மொத்தம் எத்தனை என்று கூறுமாறு கேட்கிறார். மாணவன் நூறு மணிகளை எண்ணி நிறுக்கிறான். பிறகு பை முழுவதையும் நிறுக்கிறான். வகுத்து விடை காண்கிறான். எளிய செயல்தான். ஆனால் இதன் வேர் தமிழகத்துப் பொற்கொல்லர் பட்டறையில் இருக்கிறது. மலாய் நாட்டு நகைக்கடையில் இருக்கிறது. கோலா பிலாத் தோட்டப்புறங்களில் பால் நிறுத்த கொட்டகையிலும் இருக்கிறது.

விதையே எடைக்கல்

தொல்காப்பியர் தொகைமரபில், அளவுப் பெயருக்கும் நிறைப் பெயருக்கும் முதலாகும் எழுத்துகள் ஒன்பது என்று கூறுகிறார். க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்பன அவை. உரையாசிரியர்கள் நிறைப்பெயர்களுக்குக் கழஞ்சு, சீரகம், தொடி, பலம், நிறை, மா, வரை, அந்தை என்பவற்றை எடுத்துக்காட்டுவர். இவற்றுள் சீரகம் என்னும் பெயர் கருதத்தக்கது. அடுக்களையில் தாளிக்கும் சிறு மணியின் பெயரே ஒரு நிறைக்கும் பெயராயிற்று. கழஞ்சு என்பதும் கழற்சிக்காயின் பெயரோடு தொடர்புடையது என அறிஞர் கருதுவர். ஆகவே தமிழரின் எடைக்கற்கள் முதலில் கல்லாக இருந்தவை அல்ல. காயாகவும் விதையாகவும் இருந்தவை.

அவ்விதைகளுள் புகழ்பெற்றவை இரண்டு. ஒன்று குன்றிமணி, சிவந்த உடலும் கரிய மூக்கும் உடையது. மற்றொன்று மஞ்சாடி, முழுதும் சிவந்து பளபளப்பது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றிலும் பொன்னுக்குரிய வாய்பாடு இதுவே. வடநாட்டில் குன்றியை இரத்தி என்றனர். 96 இரத்தி ஒரு தோலா எனக் கொள்வது அங்கு வழக்கு. தோலாவின் நிறை 11.66 கிராம். எனவே ஒரு குன்றி ஏறத்தாழ 0.12 கிராம் ஆகிறது. மஞ்சாடி அதனினும் இரு மடங்கு, அல்லது சற்று மிகுதி.

இன்றும் தமிழர் வீடுகளில், ‘ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை’ என்று பெண்கள் குறைபடுவதுண்டு. வழக்கொழிந்த ஓர் எடைக்கல் பேச்சு மொழியில் இன்னும் உயிர்வாழ்கிறது என்பதற்கு இது சான்று. வள்ளுவரும் மிகச் சிறிய அளவைக் குறிக்கக் குன்றியை உவமையாக எடுத்தாண்டுள்ளார்.

கடல் கடந்து மலாய் நாட்டுக்கு வந்தாலும் இதே விதை எதிர்ப்படுகிறது. மஞ்சாடியை மலாய் மக்கள் ‘சாகா’ என்பர். மலாய்ப் பொற்கொல்லர் 12 சாகாவை ஒரு ‘மாயாம்’ என்றும், 16 மாயாமை ஒரு ‘பொங்கால்’ என்றும் கணக்கிட்டனர். ஒரு பொங்கால் ஆங்கில நிறையில் 832 கிரெயின். அதாவது ஏறத்தாழ 54 கிராம். அதை 192ஆல் வகுத்தால் ஒரு சாகாவுக்கு 0.28 கிராம் கிடைக்கிறது. தமிழகத்து மஞ்சாடியின் நிறையும் கால் கிராமை ஒட்டியதே. இரு நாட்டுப் பொற்கொல்லரும் ஒருவரை ஒருவர் கேட்டுச் செய்தாரோ, கேளாமலே செய்தாரோ, அவர்தம் தராசுத் தட்டில் இருந்தது ஒரே மரத்தின் விதை. 1985இல் மலேசியா தன் முதல் தேசியக் காரை வெளியிட்டபோது, அதற்கு இவ்விதையின் பெயரையே சூட்டியது. சாலையில் ஓடிய புரோட்டோன் சாகாவைக் கண்டவர்களுள் எத்தனை பேர் அதைப் பழைய மஞ்சாடியின் பெயர் என அறிந்திருப்பர்?

விதைகள் ஒத்தவை தாமா?

விதை எடைக்கல்லாக வேண்டுமானால் எல்லா விதையும் ஒரே நிறையுடையதாக இருத்தல் வேண்டும். குன்றியும் மஞ்சாடியும் அவ்வாறு உள்ளன என்பது நெடுங்கால நம்பிக்கை. மேலை நாட்டார் கரோப் என்னும் மரத்தின் விதையைப் பற்றியும் அவ்வாறே நம்பினர். வைரத்தை அளக்கும் ‘காரட்’ என்னும் சொல் அவ்விதையின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததே. ஆனால் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்நம்பிக்கையை அசைத்துவிட்டது. கரோப் விதைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தபோது, அவையும் பிற மரங்களின் விதைகளைப் போலவே தம்முள் வேறுபட்டிருந்தன. ஆயினும் மனிதர் கண்ணால் பார்த்துப் பொறுக்கி எடுத்தபோது, அவ்வேறுபாடு பெரிதும் குறைந்தது.

இதன் பொருள் யாது? ஒழுங்கு விதையில் இல்லை; பொறுக்கியவன் கண்ணில் இருந்தது. பொற்கொல்லன் சுருங்கியதை நீக்கினான், பருத்ததை நீக்கினான், நடுத்தரமானவற்றை மட்டும் எடுத்துச் சிமிழில் வைத்தான். அவன் கையில் இருந்த குன்றிமணி இயற்கை தந்தது மட்டும் அன்று. அவன் தேர்ந்தெடுத்ததும் ஆகும்.

இங்கேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. தேர்ந்தெடுப்பவன் நேர்மையற்றவனாயின், வாங்கும்போது பருத்த மணியையும் விற்கும்போது சிறுத்த மணியையும் பயன்படுத்தலாம். அதனால்தான் அரசும் கோயிலும் விதையை விட்டுக் கல்லுக்கு மாறின.

தஞ்சைக் கோயிலின் கணக்கு

முதலாம் இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். அவன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் கோயிலுக்கு வந்த பொன்னையும் மணியையும் விரிவாகக் குறிக்கின்றன. அவற்றைப் படித்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்டவர் ஹுல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர்.

அக்கோயிலில் பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய கல்லும், மணிகள் பதித்த அணிகலன்களை நிறுக்க ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்னும் பெயருடைய கல்லும் இருந்தன. இரண்டும் இறைவன் திருப்பெயர்கள். எடைக்கல்லுக்கு இறைவன் பெயரை இட்டமை, அதில் பொய் கலத்தலைப் பாவம் ஆக்கியது.

அணிகலன்களை எடுத்துரைக்கும் முறை இன்னும் வியப்பானது. முத்தைப் பொதுவாக முத்து என்று கூறி விடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என வகை பிரித்து, எத்தனை என எண்ணி, மொத்த நிறை எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்றும் பொறித்தனர். நிறுக்கும்போது கோத்த சரடு, சட்டம், செப்பாணி, அரக்கு முதலியவற்றை நீக்கியே நிறை எடுத்தனர். இரசாயனக்கூடத்தில் மாணவன் முதலில் வெறுங்கலத்தை நிறுத்துக் குறித்துக்கொண்டு, பின்னர் பொருளோடு நிறுத்துக் கழிக்கின்றான் அன்றோ? அதே ஒழுங்கு அது.

எண்ணிக்கையும் நிறையும் ஆகிய இரண்டையும் ஏன் பொறித்தனர்? ஒன்று மற்றொன்றுக்குக் காவல். எண்ணிக்கை மாறாமல் பெரிய முத்தை எடுத்துவிட்டுச் சிறிய முத்தை வைத்தால் நிறை காட்டிக்கொடுக்கும். நிறை மாறாமல் ஒரு பெரிய முத்துக்கு ஈடாகச் சில சிறு முத்துகளை வைத்தால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்விரு அளவைகளின் உறவைத் தமிழர் நன்குணர்ந்து பயன்படுத்தினர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நளன் கற்ற எண்

எல்லாவற்றையும் எண்ணாமல் ஒரு பகுதியைக் கொண்டு முழுமையை மதிப்பிடும் கலைக்கும் பழங்கதை ஒன்று உண்டு. மகாபாரதத்தின் வனபருவத்தில் நளன் கதை வருகிறது. புகழேந்திப் புலவரின் நளவெண்பாவால் அது தமிழுலகம் அறிந்தது. உருமாறிய நளன் தேரோட்ட, இருதுபன்னன் என்னும் மன்னன் வழியில் நின்ற தான்றி மரத்தைக் கண்டு அதன் இலையும் காயும் இத்தனை எனக் கூறுகிறான். வடமொழிக் கதையில் அவன் இரு கிளைகளைக் கொண்டு கணக்கிட்டதாக உள்ளது. நளன் நம்பாமல் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், எண்ணிக்கை பொருந்துகிறது. நிகழ்தகவுக் கொள்கையின் வரலாற்றை 1975இல் எழுதிய இயன் ஹேக்கிங் என்னும் மெய்யியலார், ஒரு மாதிரியைக் கொண்டு முழுமையை அறியும் கலைக்குப் பழஞ்சான்றாக இக்கதையை எடுத்துக்காட்டினார்.

இக்கதையில் ஆசிரியர்கள் கருதத்தக்கது ஒன்றுண்டு. இருதுபன்னன் கூறியதை நளன் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தானே சோதித்துப் பார்த்த பின்னரே ஏற்றான். மதிப்பீடு எத்துணைச் சிறந்ததாயினும் சோதனைக்கு உட்படுதல் வேண்டும் என்பதே அறிவியலின் உயிர்நாடி.

கோலா பிலாவின் பால் கொட்டகை

சிரம்பானிலிருந்து புக்கிட் பூத்துஸ் மலைக்கணவாயைக் கடந்து கிழக்கே சென்றால் கோலா பிலா வரும். நெகிரி செம்பிலானின் அரச நகராகிய ஸ்ரீ மெனாந்தி அதன் அருகில் உள்ளது. பள்ளத்தாக்கில் மலாய்க்காரர் வயல்களும், மேட்டு நிலங்களில் ரப்பர்த் தோட்டங்களுமாக அமைந்திருந்த நாடு அது. அத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டினர்.

அந்த ரப்பர் மரம் மலாய் நாட்டு மரம் அன்று. 1876இல் விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து 70,000 விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுன் என்பது அவருக்குப் பேசப்பட்ட விலை. ஒரு ரப்பர் விதை ஏறத்தாழ 4 கிராம் எனக் கொண்டால், 70,000 விதைகள் 280 கிலோ கிராம் ஆகும். அவற்றுள் முளைத்தவை நூற்றுக்கு நான்கு அளவே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. மலாய் நாட்டின் ரப்பர்க் காடுகள் பெரும்பாலும் இக்கன்றுகளின் வழித்தோன்றல்கள். எண்ணிக் கொடுத்த விதையிலிருந்து தொடங்கிய தொழில், நிறுத்துக் கொடுக்கும் பாலில் வந்து நின்றது.

இருள் பிரியும் முன்னர்ப் பெரட்டுக்கு நின்று, தம் நிரைக்குச் சென்று, மரம் மரமாகக் கோடு வெட்டி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, வெயில் ஏறும் வேளையில் தொழிலாளர் கொட்டகைக்கு வருவர். அங்கே கிராணி பாலை அளப்பார் அல்லது நிறுப்பார். கூலியின் ஒரு பகுதி அந்த எடையைப் பொறுத்தது.

ஆனால் வாளியில் உள்ளது ரப்பர் மட்டும் அன்று. ரப்பர்ப்பாலில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரையே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் அப்பங்கு மாறும். காலையில் மழை தூறினால் மங்கில் மழைநீர் கலந்துவிடும். ஆகவே வாளியின் எடையைக் கொண்டு மட்டும் கூலி கணக்கிடுவது முறையாகாது. ‘உலர்ந்த ரப்பர் எவ்வளவு?’ என்பதே உண்மையான வினா.

இதற்கு இரு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, பாலில் மிதக்கவிடும் ‘மெட்ரோலாக்’ என்னும் கண்ணாடிக் கருவி. ரப்பர் நீரினும் இலேசானது. எனவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி சற்று ஆழமாக இறங்கும். நீர் மிகுந்த பாலில் உயர்ந்து நிற்கும். அதன் கழுத்தில் உள்ள கோட்டைப் பார்த்து ரப்பரின் அளவைக் கூறிவிடலாம். விரைவான வழி, ஆனால் பாலில் வேறு பொருள் கலந்திருந்தாலோ, பாலின் வெப்பநிலை மாறினாலோ கணக்குத் தவறும்.

இரண்டாவது வழி இரசாயன வகுப்பில் செய்வதைப் போன்றது. தொழிலாளி கொண்டுவந்த பாலை நன்கு கலக்கி, அதிலிருந்து சிறிதளவு மாதிரி எடுத்து நிறுக்க வேண்டும். அதில் பார்மிக் அமிலம் சில துளிகள் விட்டால் பால் உறையும். உறைந்ததை அழுத்தி மெல்லிய தகடாக்கிக் கழுவி, முற்றும் உலரவைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். 100 கிராம் பாலுக்கு 32 கிராம் உலர்ந்த ரப்பர் கிடைத்தால், 40 இராத்தல் பாலில் 12.8 இராத்தல் ரப்பர் இருக்கிறது. மறுநாள் மழை கலந்து, அதே 100 கிராமுக்கு 24 கிராமே கிடைத்தால், அதே 40 இராத்தல் பாலில் 9.6 இராத்தலே ரப்பர். வாளியின் பாரம் ஒன்றே. தோளின் வலியும் ஒன்றே. கணக்கு மட்டும் வேறு.

சிறிய பிழை, பெரிய இழப்பு

மாதிரி முழுமைக்குச் சான்று கூறுகிறது. மாதிரியில் நேரும் சிறு பிழையும் முழுமையில் பெருகுகிறது. 100 கிராம் மாதிரியில் ஒரே ஒரு கிராம் குறைவாகக் குறிக்கப்பட்டால், 40 இராத்தல் பாலில் 0.4 இராத்தல் ரப்பர் மறைந்துபோகும். மாதத்தில் 25 நாள் இவ்வாறே நேர்ந்தால் பத்து இராத்தல் ரப்பர் தொழிலாளியின் கணக்கில் ஏறாது. வாளியின் அடியில் கனத்த நீரும் மேலே ரப்பர்த் துகளும் பிரிந்து நிற்கத் தொடங்கும்போது, கலக்காமல் மேலிருந்து முகந்தால் ஒரு விடை. அடியிலிருந்து முகந்தால் வேறொரு விடை. தகடு முற்றும் உலரும் முன்னர் நிறுத்தால் தொழிலாளிக்கு மிகுதி. நிறுக்கும்போது துணுக்கு உதிர்ந்தால் அவருக்குக் குறைவு.

எனவே மாதிரி எடுத்தல் வெறும் ஆய்வுக்கூட வேலை அன்று. அது நீதி வழங்கும் வேலை. நடுவுநிலைமையைப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவர் துலாக்கோலை உவமையாக வைத்தது காரணமின்றி அன்று. எழுத்தறியாத தொழிலாளி, கிராணியின் ஏட்டில் எழுதப்பட்ட எண்ணைப் படிக்க இயலாமல், தன் கைப்பிடிக்கும் தோளுக்கும் தெரிந்த பாரத்தை மட்டும் நம்பி நின்ற காலம் உண்டு. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றி, கூலி பற்றிய பேச்சு எழுத்து மூலமான உடன்படிக்கையாக மாறியபோது, எடையும் விலையும் கூலியும் எவ்வாறு தொடர்புற வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கைகளின் முக்கியப் பொருளாயிற்று. கணக்குத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருப்பது தோட்டத்துத் தாய் தந்தையர்க்கு எத்துணை வலிமை என்பதை இதனால் உணரலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளிக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும் என விதித்தது. அப்பள்ளிகள் பல ஓலைக்கூரையின் கீழ் நடந்தன. ஆயினும் அங்கே கற்ற பெருக்கலும் வகுத்தலும் கொட்டகை வரை வந்து உதவக் கூடியவை.

மலாயாவின் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டது. பாலைச் சோதிக்கும் முறைகளைச் செம்மை செய்து தோட்டங்களுக்கு வழங்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. 1998இல் அது மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைக்கப்பட்டது.

பால் காட்டிய அணு

ரப்பர்ப்பால் வேறொரு வகையிலும் இக்கதையில் இடம்பெறுகிறது. அவோகாட்ரோ என்னும் இத்தாலியர் 1811இல், ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் உள்ள சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்றார். எத்தனை என்று அவரால் கூற இயலவில்லை. 1865இல் லோஷ்மிட் என்பவர் மூலக்கூறின் பருமனை முதன்முதலில் மதிப்பிட்டார். எனினும் அணு உண்மையிலேயே உளதா, கணக்குக்காகக் கற்பித்துக்கொண்ட ஒன்றா என்னும் ஐயம் அந்நூற்றாண்டின் இறுதி வரை அறிஞரிடையே நீடித்தது.

ரப்பர்ப்பாலில் ரப்பர் கரைந்து கிடக்கவில்லை. மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அத்துகள்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளுவதால் விளையும் இயக்கம் அது. 1908இல் பாரிசில் விக்டர் ஆன்ரி என்பவர் ரப்பர்ப்பாலின் துகள்கள் இவ்வாறு இயங்குவதைச் சலனப்படமாகப் பிடித்து ஆராய்ந்தார். அமிலம் சேர்த்தால் இயக்கம் தளர்வதையும் கண்டார். கொட்டகையில் அமிலம் விட்டுப் பாலை உறையவைத்த தொழிலாளி தம் கண் முன்னே நிகழ்த்தியதும் அதே மாற்றமே.

அதே காலத்தில் பெர்ரன் என்னும் பிரெஞ்சு அறிஞர் வேறொரு மரப்பிசினை எடுத்துக்கொண்டார். தென்கிழக்காசிய மரங்களிலிருந்து வடியும் மஞ்சள் நிறப் பிசின் அது. ஓவியர் வண்ணமாகப் பயன்படுத்துவது. அதன் துகள்களை நீரில் மிதக்கவிட்டு, அடியில் எத்தனை, மேலே எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணினார். மலை ஏற ஏறக் காற்று மெலிவதைப் போல, மேலே செல்லச் செல்லத் துகள்கள் குறைந்தன. அக்குறைவின் அளவிலிருந்து மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அவர் கணக்கிட்டார். அவோகாட்ரோ எண் என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. 1926இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கீழைநாட்டு மரங்கள் வடித்த பாலும் பிசினும் அணுவின் உண்மையை உலகுக்கு மெய்ப்பித்தன.

அணுவும் குன்றியும்

அணுவை எண்ணும் முறை குன்றிமணியை எண்ணும் முறையே. 12 கிராம் கரியில் எத்தனை அணுக்கள் உள்ளனவோ, அத்தனை அணுக்களே 197 கிராம் பொன்னிலும் உள்ளன. அவ்வெண்ணிக்கையை ஒரு மோல் என்பர். 2019 மே 20ஆம் நாள் முதல் அந்த எண் திட்டவட்டமாக வரையறுக்கப்பட்டுள்ளது. 602,214,076-ஐ எழுதி அதன்பின் பதினைந்து சுழியங்களை இட்டால் அந்த எண் வரும். இதனைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு குன்றிமணி எடையுள்ள பொன்னில் ஏறத்தாழ 37 இலட்சம் கோடி கோடி அணுக்கள் இருக்கின்றன. வீட்டில் இல்லை என்று குறைபட்ட அந்தக் குண்டுமணித் தங்கம் அத்துணைப் பெரிய எண்ணைத் தன்னுள் அடக்கியது.

விதைகள் தம்முள் ஒத்திராதது போலவே அணுக்களும் முற்றும் ஒத்திருப்பதில்லை. ஆஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1919 முதல் தம் கருவியால் இதனைக் காட்டினார். குளோரின் அணுக்களுள் நான்கில் மூன்று பங்கு 35 என்னும் நிறையும், எஞ்சியவை 37 என்னும் நிறையும் கொண்டவை. பாடநூலில் காணும் 35.45 என்பது இவற்றின் சராசரி. ‘அரை அணு எங்ஙனம் இருக்கும்?’ என்று மாணவன் கேட்டால், பெரிய மணியும் சிறிய மணியும் கலந்த மஞ்சாடிச் சிமிழை அவனிடம் காட்டினால் போதும்.

வகுப்பில் ஒரு கணக்கு

இச்சோதனையைப் பள்ளியில் செய்வது எளிது. பள்ளி வளாகத்திலோ வழியோரத்திலோ மஞ்சாடி மரம் இருந்தால் விதை பொறுக்கலாம்; இல்லையேல் பச்சைப்பயறு போதும். 100 மணிகள் 27 கிராம் என்றும், பை முழுவதும் 1,350 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி 0.27 கிராம், மொத்தம் 5,000 மணிகள். ஒரே மணியை மட்டும் தராசில் இட்டு, தராசு 0.3 கிராம் எனக் காட்டியதைக் கொண்டு வகுத்தால் 4,500 என வரும். தராசின் நுட்பக் குறைவு ஐந்நூறு மணிகளை விழுங்கிவிட்டது. நூறு மணிகளைச் சேர்த்து நிறுப்பதன் பயன் இதுவே.

மணிகள் தம்முள் நூற்றுக்குப் பத்து அளவு வேறுபடுவன எனக் கொள்வோம். பத்து மணிகளின் சராசரியில் நூற்றுக்கு மூன்று அளவு ஐயம் இருக்கும். நூறு மணிகளின் சராசரியில் நூற்றுக்கு ஒன்று. நானூறு மணிகளில் அரை. நான்கு மடங்கு எண்ணினால் ஐயம் பாதியாகக் குறைகிறது. ஆனால் மணிகளைப் பொறுக்கும்போது அழகிய பெரிய மணிகளையே எடுத்தால் நானூறு எண்ணினாலும் பயனில்லை. பையை நன்கு குலுக்கிக் கண்ணை மூடி எடுத்தல் வேண்டும். பால் வாளியைக் கலக்கிவிட்டு மாதிரி எடுப்பதும் இதற்காகவே.

காலம் மாறிய பின்னும்

கோலா பிலா வட்டாரத்தில் ரப்பர் நின்ற மேடுகள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. இராத்தலும் காத்தியும் மறைந்தன. 1972ஆம் ஆண்டு நிறுத்தல் அளவைச் சட்டத்துக்குப் பின் கிலோ கிராம் படிப்படியாக வழக்கிற்கு வந்தது. செம்பனையில் கணக்கு தலைகீழாக நடைபெறுகிறது. காட்டில் குலைகளை எண்ணுவர். ஆலையில் மொத்தமாக நிறுப்பர். ஒரு குலையின் சராசரி எடையை வகுத்து அறிவர். பிறகு குலைகளின் எண்ணிக்கையைச் சொன்னாலே எடையை மதிப்பிட்டுவிடலாம். முன்னர் நிறுத்து எண்ணினர். இப்போது எண்ணி நிறுக்கின்றனர். ரப்பர்ச் சிறுதோட்டக்காரர் கட்டிப்பாலை விற்கும்போது, அதில் நீர் எத்தனை பங்கு, ரப்பர் எத்தனை பங்கு என்னும் பழைய கேள்வி இன்றும் விலையை முடிவு செய்கிறது.

அறிவியலிலும் இதே திருப்பம் நேர்ந்துள்ளது. தூய சிலிக்கனால் ஏறத்தாழ ஒரு கிலோ கிராம் எடையுள்ள உருண்டையைச் செதுக்கி, அதில் அடங்கிய அணுக்களை ஊடுகதிர் கொண்டு அறிஞர் எண்ணினர். பொருளை நிறுத்து எண்ணிக்கையை அறிந்த மனிதன், அணுவை எண்ணி எடைக்கல்லையே சரிபார்க்கும் நிலைக்கு வந்துவிட்டான்.

பொற்கொல்லன் சிமிழிலிருந்து சிலிக்கன் உருண்டை வரை கருவிகள் மாறின, கேள்வி மாறவில்லை. எடுத்த மாதிரி முழுமைக்கு உண்மையான சான்றா? நிறுத்தவன் கை நடுநிலையில் நின்றதா? இவ்விரண்டையும் கேட்கத் தெரிந்த மாணவன் இரசாயனத்தில் தேர்ச்சி பெறுவான். அதனோடு, தன் தாய் தந்தையர் கொண்டுவரும் சம்பளச் சீட்டையும் சரிபார்க்கும் ஆற்றல் பெறுவான்.